2017ன்னு ஒரு பாரா

அந்தப் பாராவை ஏன் எடுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே சரியா சொல்லத் தெரியல. நீளமா இருக்குன்னு அந்தக் கட்டுரையை எழுதின பொண்ணுகிட்ட சொன்னேன். ஆனா பேப்பர்னா அது ஒரு காரணம், நம்மது வெப், இன்னும் நாலு பாரா சேர்ந்திருந்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது.

2022 ஆகஸ்ட் கடைசி. அயர்லாந்துல இருந்து வந்த டிவி தொகுப்பாளினி லாரா விட்மோர், தான் தொகுத்து வழங்கிட்டு இருந்த 'லவ் ஐலண்ட்'ங்கற பிரிட்டிஷ் டேட்டிங் ரியாலிட்டி ஷோவுல இருந்து விலகறதா அறிவிச்ச வாரம். டெஸ்க்ல புதுசா சேர்ந்த பொண்ணு, அதுக்கு முன்னாடி லோக்கல் கேபிள் சேனல்ல ஆங்கரிங் பண்ணிட்டு இருந்தவ, "அக்கா, இவங்களைப் பத்தி நான் எழுதட்டுமா"ன்னு தானாவே கேட்டு வாங்கினா. நம்ம ஊர்ல இதை யாரு படிப்பாங்கன்னு எனக்குத் தோணுச்சு, ஆனா கேட்டு வாங்கற ஆளுகிட்ட வேணாம்னு சொல்ல மனசு வரல.

நல்லா எழுதியிருந்தா. டப்ளினுக்குத் தெக்கால இருக்கற ப்ரே-ங்கிற கடலோர ஊர்ல வளர்ந்தது, டப்ளின் சிட்டி யுனிவர்சிட்டியில ஜர்னலிசம் படிச்சது, 2008ல எம்டிவி நியூஸுக்கு ஆள் தேடி நடத்தின போட்டியில ஜெயிச்சு லண்டன் போனது, அப்புறம் 2011ல இருந்து 2015 வரைக்கும் காட்டுக்குள்ள பிரபலங்களை விடற அந்த ரியாலிட்டி ஷோவோட துணை நிகழ்ச்சி. இதுக்கெல்லாம் அடுத்துதான் அந்தப் பாரா. 2017ல 'நாட் டெட் இனஃப்'னு ஒரு க்ரைம் நாடகத்துல நடிச்சுக்கிட்டு பிரிட்டன்ல ஊர் ஊரா டூர் போனாங்க, அடுத்த வருஷம் 'சைவ்'னு ஒரு குறும்படம், அவங்களே எழுதி அவங்களே நடிச்சது. லவ் ஐலண்ட் வர்றதே 2020ல, மூணு சீசன்.

நான் வச்ச தலைப்பு: 'லவ் ஐலண்டை உதறிவிட்டு நாடக மேடைக்குத் தாவிய தொகுப்பாளினி!' தாவணும்னா இந்தப் பக்கம் டிவி மட்டும்தான் இருக்கணும், அந்தப் பக்கம் நாடகம் மட்டும்தான் இருக்கணும். நடுவுல 2017 நின்னா தலைப்பு நிக்காது. எடுத்துட்டேன்.

அவ என் சீட்டுக்கே வந்தா. "அக்கா, 2017 போயிருச்சே?"

"பரவால்லம்மா, அந்த நாடகமெல்லாம் இங்க யாருக்கும் தெரியாது."

"அதுக்கில்லக்கா. அது இல்லன்னா இப்பதான் முதல் தடவையா நடிக்கப் போற மாதிரி ஆயிடுதே."

"முதல் தடவைன்னு நாம எங்கயும் எழுதலயே."

சொன்னது உண்மைதான், அப்படி ஒரு வார்த்தை எங்கயும் இல்ல. இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப யோசிச்சுக்கிட்டு இருக்கேன், ஏன்னா தப்பே இல்லாத பொய் ஒண்ணைச் சொல்லிக் கொடுத்துட்டேன், அதுவும் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம் ஆன பொண்ணுக்கு. அவ "சரிக்கா"ன்னுட்டுப் போயிட்டா.

எனக்காகவும் ஒண்ணு சொல்லிக்கணும். அதே கட்டுரைக்கு மேல இருந்து வேற ஒரு தலைப்பு வந்துச்சு, லாராவுக்கு முன்னாடி லவ் ஐலண்டைத் தொகுத்து வழங்கின கரோலின் ஃப்ளாக்கோட சாவை வச்சு, 'தோழி இறந்ததால் கிடைத்த வாய்ப்பு'ங்கற மாதிரி. நான் முடியவே முடியாதுன்னு நின்னேன். லாரா அந்த இடத்துக்கு வந்தப்ப ஃப்ளாக் உயிரோட இருந்தாங்க, ஷோவுல இருந்து விலகியிருந்தாங்க, அவ்வளவுதான். 2020 பிப்ரவரி 15ல அந்தச் சாவு, மறுநாள் காலையில தன்னோட ரேடியோ ஷோவுல உட்கார்ந்து லாரா அதைப் பத்திப் பேச வேண்டி வந்துச்சு. அதைப் போய் வாய்ப்புன்னு எழுதறதா? அன்னிக்கு அந்தச் சண்டையில ஜெயிச்ச தெம்புல 2017 எனக்குச் சின்ன விஷயமா தெரிஞ்சிருக்கலாம். இது சமாதானமா இல்ல நிஜமாவே காரணமான்னு தெரியல.

ஒருநாள் டீ குடிக்கும்போது ஆங்கரிங் எப்படி இருக்கும்னு அவகிட்ட கேட்டேன். இடது காதுல விரலை வச்சுக் காட்டினா. "இதுல 'முப்பது செகண்டு, இருபது, சீக்கிரம் முடி'ன்னு கத்திட்டே இருப்பாங்கக்கா, எதிர்ல கெஸ்ட்டு அழுதுட்டு இருப்பாங்க, முகத்துல எதுவும் தெரியக் கூடாது." சொல்லும்போதே முகம் அந்த ஆங்கர் சிரிப்புக்குப் போயிடுச்சு, விரல் காதுலயே இருந்துச்சு. அந்தச் சிரிப்பைப் பார்த்தப்புறம்தான் லாராவைப் பத்தி அவ ஏன் எழுத ஆசைப்பட்டான்னு எனக்கு உறைச்சுது.

லாரா அப்போ நடிக்கப் போன நாடகத்தோட பேரு '2:22 எ கோஸ்ட் ஸ்டோரி'. கைக்குழந்தை வச்சிருக்கற ஜென்னிங்கற அம்மா, தினமும் ராத்திரி 2:22க்கு வீட்ல சத்தம் கேக்குதுன்னு சொல்றா, புருஷன் நம்ப மாட்டேங்கறான். நம்ம பேச்சை நம்ப வைக்கறதுதான் மொத்த ரோலும். லாரா நடிச்சது லண்டன்ல பிக்காடிலி சர்க்கஸ்ங்கற சந்திப்புல இருக்கற க்ரைட்டீரியன்ல, 1874ல திறந்த தியேட்டர், படி இறங்கி தரைக்குக் கீழ போகணும். கேமரா கிடையாது, காதுல கத்த ஆள் கிடையாது. அவங்களுக்கு முன்னாடி இதே ஜென்னியா நடிச்ச பாடகி லில்லி ஆலனுக்கு, லண்டன் நாடகங்களுக்குக் கொடுக்கற பெரிய விருதான ஒலிவியே விருதுக்கு நாமினேஷனே கிடைச்சுது, அதனால வேற துறையில இருந்து வந்தா நடிப்பு வராதுன்னு யாரும் சொல்லிட முடியாது. ஆனாலும் 'தொகுப்பாளினி'ங்கற முத்திரை போறதில்ல. அதை யாரு குத்தறாங்கன்னு நான் ரொம்ப நாள் பொதுவாப் பேசிட்டு இருந்தேன், சேனல்காரங்க, டைரக்டருங்க, ஆடியன்ஸுன்னு. அன்னைக்கு குத்தினது நான்தான்.

அதே சமயம் இதையும் சொல்றேன், அந்தக் கட்டுரை நல்லாப் போச்சு. 2017ஐ வச்சுக்கிட்டு 'படிப்படியாக நடிப்புக்கு வந்தவர்'னு தலைப்பு போட்டிருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காதுன்னு இப்பவும் நம்பறேன். நாளைக்கே இன்னொரு காப்பி இப்படி வந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டா, பாராவை விட்டுடுவேன்னு சொல்லத்தான் ஆசை. போன மாசம்கூட வேற ஒருத்தர் எழுதினதுல ரெண்டு வருஷத்தைத் தூக்கினேன்.

அந்தக் கட்டுரையை எடிட்ல ரெண்டு தடவை திறந்தேன். பழைய வெர்ஷன்ல பாரா அப்படியே இருக்கு, ஒட்டினா முடிஞ்சுது. ரெண்டு தடவையும் மூடிட்டேன், இத்தனை நாள் கழிச்சு யாருக்காகன்னு தோணிடுது.

அவ ஒரு வருஷம் எங்க டெஸ்க்ல இருந்தா. அதுக்கப்புறம் அவ கொடுத்த காப்பி எல்லாமே சின்னது, கச்சிதமானது, தலைப்பும் அவளே 'தாவிய', 'உதறிய'ன்னு போட்டே அனுப்பிடுவா. நான் வெட்டறதுக்கு எதுவுமே இருந்ததில்ல.