பிழை அட்டவணையோடு ஒரு பருவம்

முதுகலைக் கணிதத்தின் இரண்டாம் பருவத்தில் எண்ணியல் பகுப்பாய்வுப் பாடம் (கணக்குகளுக்குத் தோராய விடை காணும் முறைகளைப் பற்றியது) தொடங்கியபோது, இளங்கலையில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு நான்கு தசம இடங்கள் வரை கணக்கிட்ட பழக்கமே போதும் என்று நினைத்திருந்தேன். இங்கே வாரந்தோறும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு; அதில் தாளில் நிறுவ வேண்டிய இரண்டு கணக்குகளும், பைத்தானில் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டிய ஒரு நிரலும் இருக்கும். நிரலையும் விடையையும் மட்டும் தந்தால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். படி அளவை, அதாவது கணக்கில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே விடும் தூரத்தை, ஒவ்வொரு முறையும் பாதியாக்கி, அப்போது வரும் பிழையையும், முந்தைய பிழை அதைப் போல் எத்தனை மடங்கு என்பதையும் அட்டவணையாக்கி இணைக்க வேண்டும் என்பது எங்கள் பேராசிரியர் வைத்த நிபந்தனை.

அந்த அட்டவணை எதற்கு என்பது மூன்றாம் வீட்டுப்பாடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அடுக்குக்குறிச் சார்பை (eˣ) 0 முதல் 1 வரை சிம்ப்சன் விதியால், அதாவது வளைகோட்டைச் சிறு பரவளையத் துண்டுகளாக எடுத்துப் பரப்பைத் தோராயமாகக் காணும் முறையால், தொகையிட வேண்டும். சரியான விடை 1.7183. இடைவெளியை 1000 பகுதிகளாகப் பிரித்து ஓட்டியபோது என் நிரல் 1.7174 என்று காட்டியது. விடை இவ்வளவு நெருங்கி வந்திருப்பதால் நிரல் சரியென்றே முடிவு செய்து, அட்டவணையைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டேன். சிம்ப்சன் விதியில் படி அளவு பாதியானால் பிழை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். என் அட்டவணையிலோ வரிக்கு வரி 2 என்றே விகிதம் வந்தது. அதன் பிறகுதான் நிரலை வரிவரியாகப் படித்தேன். எண்களை வரிசையாகத் தரும் பைத்தானின் ரேஞ்ச் கட்டளை கடைசி எண்ணைச் சேர்ப்பதில்லை என்பதை மறந்ததால், வலது முனையில் சார்பின் மதிப்பு கூட்டலில் சேராமலே விடுபட்டிருந்தது. அந்த ஒற்றை உறுப்பு படி அளவுக்கு நேர்விகிதத்தில் குறைவதால்தான், பகுதிகள் ஆயிரமானபோது மூன்றாம் தசம இடத்துக்குள் பதுங்கிவிட்டது. திருத்தியபின் 2, 4, 8 பகுதிகளுக்கே விகிதம் 15.7, 15.9 என்று வந்ததைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதி இன்றும் நினைவிருக்கிறது.

அதே நிரலை வைத்துக்கொண்டு ஐந்தாம் வீட்டுப்பாடத்தில் வர்க்கமூலச் சார்பை 0 முதல் 1 வரை தொகையிடச் சொன்னார்கள். விடை 2/3 என்பது தெரிந்ததே. இம்முறை விகிதம் 16 வரவில்லை, 2.82, 2.83 என்று நின்றுவிட்டது. முந்தைய அனுபவத்தால் நிரலில்தான் தவறு என்று நம்பி, இரண்டு இரவுகள் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தும் எதுவும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் பேராசிரியரின் அறைக்குச் சென்று அட்டவணையைக் காட்டினேன். நிரலை அவர் கேட்கவே இல்லை. “சிம்ப்சன் பிழைச் சூத்திரத்துக்கு என்ன நிபந்தனை, சொல்லும்மா” என்றார். சார்பின் நான்காம் வகைக்கெழு இடைவெளி முழுவதும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டேன். வர்க்கமூலத்துக்கு 0 என்ற புள்ளியில் முதல் வகைக்கெழுவே வரம்பின்றிப் போகிறது. பதினாறு மடங்கு என்ற வாக்குறுதி அங்கே செல்லாது. நான் பார்த்த 2.83 என்பது 2-இன் ஒன்றரை அடுக்கு, அதாவது அந்தச் சார்புக்கு வர வேண்டிய விகிதமே அதுதான்.

மாறியை இன்னொரு மாறியின் வர்க்கமாக எழுதிப் பார்க்கும்படி சொல்லி அனுப்பினார். அப்படி எழுதினால் தொகையிட வேண்டியது வர்க்கத்தின் இரு மடங்காக மாறுகிறது. சிம்ப்சன் விதி மூன்றாம் படி வரையான பல்லுறுப்புக் கோவைகளுக்குத் துல்லியமானது என்பதால், இரண்டே பகுதிகளில், கையாலேயே, 0-உடன் 4 முறை 0.5-ஐயும் 2-ஐயும் கூட்டி 6-ஆல் வகுத்தால் 2/3 கிடைத்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான பகுதிகளிலும் வராத துல்லியம் மூன்று புள்ளிகளில் வந்தது என்பதை விடைத்தாளில் தனிப் பத்தியாகவே எழுதினேன்.

மற்ற வீட்டுப்பாடங்கள் பெரிய தடையின்றிக் கடந்தன. வகையிடல் பற்றிய ஏழாவதை மட்டும் சொல்ல வேண்டும். சைன் சார்பின் வகைக்கெழுவை 1 என்ற புள்ளியில் முன்னோக்கு வேறுபாட்டால் (ஒரு படி தள்ளிய மதிப்பிலிருந்து இந்தப் புள்ளியின் மதிப்பைக் கழித்துப் படி அளவால் வகுக்கும் முறை) கணக்கிடும்போது, படி அளவு குறையக் குறையப் பிழையும் பத்துப் பத்து மடங்காகக் குறைந்துகொண்டே வந்து, 10⁻⁸-ஐ ஒட்டிய இடத்தில் திரும்பி ஏறத் தொடங்கியது. 10⁻¹⁶-இல் விடை 0 என்றே வந்தது. கணினி ஒரு மெய்யெண்ணை ஏறத்தாழ 16 இலக்கங்களில்தான் வைத்திருக்கிறது. 1-உடன் 10⁻¹⁶-ஐக் கூட்டினால் அதற்கு அது 1-ஆகவே இருக்கிறது. இம்முறை நிரலைத் தொடவில்லை. சூத்திரமே தோராயமானது என்பதால் வரும் துண்டிப்புப் பிழை இறங்குவதையும், கணினி இலக்கங்களைச் சுருக்குவதால் வரும் முழுதாக்கல் பிழை ஏறுவதையும் ஒரே மடக்கை வரைபடத்தில் வரைந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அன்று மாலையே சமர்ப்பித்துவிட்டேன்.