நடுவில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் டயர் வாங்கினேன்

போன ஐப்பசியில் நடந்தது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். மாதம் ஒருமுறை அப்பாவைத் தஞ்சாவூருக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், வடுவூர் வழியாகப் போவோம். வண்டி 2015 மாடல் டிசையர், டீசல். அடைமழை பிடித்த அந்த வாரம் வடுவூர் தாண்டி ஒரு வளைவில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதில் ஏறியதும் ஸ்டியரிங் ஒரு நொடி கையில் கனமே இல்லாமல் போய்விட்டது. சக்கரம் ரோட்டைத் தொடவில்லை, தண்ணீர்மேல் மிதக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டேன், வண்டி தானாகப் பிடித்துக்கொண்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை, மேலே இருக்கும் கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு மனசு சரியில்லை.

மறுநாள் காலை பஞ்சர் கடை அண்ணனிடம் போனேன். முன் டயரின் பள்ளத்தில் விரலை வைத்துக் காட்டினார். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும், அது 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டை, தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். அது எங்கே இருக்கிறது என்று காட்ட டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ என்றோ ஒரு சின்ன முக்கோணமோ போட்டிருப்பார்கள். என் வண்டியில் முன்னால் இரண்டும் சமமாகிவிட்டது. பின்னால் இரண்டிலும் பாதிக்கு மேல் பட்டன் இருந்தது. "ரெண்டு போதும் தம்பி, ஆனா மழைக்குள்ள மாத்திருங்க" என்றார்.

டவுன் கடையில் என் சைஸில் ஒரே ஒரு கம்பெனி டயர்தான் இருந்தது. ஆன்லைனில் அதைவிட ஐந்நூறு ரூபாய் வரை குறைவாகக் காட்டியது, நாலைந்து கம்பெனியும் இருந்தது. சரி, அதிலேயே வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று பெட்டி வந்தது: அகலம், விகிதம், ரிம். 165 எனக்கு ஞாபகம் இருந்தது, 14 ஞாபகம் இருந்தது. நடுப்பெட்டியில் என்ன போடுவது என்று எழுந்துபோய் வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். வெளியே மழை. 70 போட்டால் நிறைய டயர் வந்தது, விலையும் குறைவாக இருந்தது. அகலமும் ரிம்மும் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்து 165/70 ஆர்14 இரண்டு ஆர்டர் போட்டுவிட்டேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், ஏனென்றால் அந்த டயர் என் ரிம்மில் ஒழுங்காக மாட்டியிருக்கும். யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் நான் அதிலேயே ஓட்டிக்கொண்டிருப்பேன்.

ஆறாவது நாள் வந்தது. அண்ணன் கவரைப் பிரித்தார், டயரை உருட்டிக்கொண்டு போய் டிக்கியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். புதுசு கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை குட்டையாக நின்றது. "இது உங்க வண்டி டயர் இல்ல தம்பி" என்றார். ரிம்மில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் திருப்பி எடுத்திருக்க மாட்டார்கள், அந்த மனுஷனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி ஸ்டெப்னியை நடுவீட்டில் கிடத்தி டார்ச் அடித்து முழுசாகப் படித்தேன். 165/80 ஆர்14 85டி. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்து வரும் 80 தனியான அளவு இல்லை, அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு பக்கச் சுவரின் உயரம். 165-இல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், உள்ளே இழைகளை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓட்டியிருக்கும் கட்டு. 14 ரிம்மின் விட்டம், அது மட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடப்பதால்தான் தலை சுற்றுகிறது. பிரித்துப் பார்த்தால் சின்ன வாய்ப்பாடுதான். ரிம் 14 அங்குலம், 25.4-ஆல் பெருக்கினால் 355.6. மேலே ஒரு சுவர் கீழே ஒரு சுவர், 132-ஐ இரண்டு தடவை கூட்டினால் மொத்த உயரம் 619.6 மில்லிமீட்டர். நான் வாங்கிய 70-க்குச் சுவர் 115.5, மொத்தம் 586.6. முழுசாக 33 மில்லிமீட்டர் குறைவு. அண்ணன் கண்ணுக்குத் தெரிந்த இரண்டு விரற்கடை இதுதான்.

33-இல் என்ன வந்துவிடப் போகிறது என்று அம்மா கேட்டார்கள். வண்டியின் முன்பக்கம் அதில் பாதி, பதினாறரை மில்லிமீட்டர் கீழே இறங்கும். எங்கள் தெருமுனை வேகத்தடையில் ஏற்கெனவே அடி உரசுகிறது, வாய்க்கால் கரை ரோட்டில் நடுவில் மேடாகப் புல் வளர்ந்திருக்கும். அப்புறம் குட்டைச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்ற வேண்டும். வண்டிக்குத் தெரிவது சுற்று மட்டும்தான். அதனால் வேகம் உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும், கிலோமீட்டரும் சேர்ந்து ஓடும். ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். முன்னால் ஒரு சைஸ் பின்னால் ஒரு சைஸ் என்று ஓடினால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருக்கிற வண்டியில் சக்கரங்களின் வேகமும் ஒத்துப்போகாது.

அதைவிட எனக்கு உறைத்தது கடைசியில் இருந்த எண். ஸ்டெப்னியில் 85டி. வந்த டயரில் 81டி. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "எண்பத்தஞ்சுக்கு மேல போகக் கூடாதுங்கறானா?" என்றார். நானும் ரொம்ப வருஷம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். அது வேகம் இல்லை, எடைக்கான குறியீட்டு எண். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 81 என்றால் 462 கிலோ. முன்னால் இரண்டு டயருக்கும் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் குறைகிறது, டீசல் எஞ்சினின் கனம் முழுக்க உட்காருவதும் அந்த இரண்டின் மேல்தான். வெறும் எண்ணைப் பார்த்தால் நாலுதான் வித்தியாசம். அட்டவணையைப் பார்த்தால்தான் அந்த நாலுக்குள் 53 கிலோ இருப்பது தெரியும்.

திருப்பி அனுப்புவது இழுத்தது. தவறு என் பக்கம் என்பதால் எடுத்துப்போகும் கூலியைக் கழித்துக்கொண்டுதான் பணம் தந்தார்கள், அதற்கும் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போனோம். நீடாமங்கலம் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டோம், ரயில்வே கேட்டில் நின்று நின்று போய்ச் சேருவதற்குள் அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது.

இரண்டாவது தடவை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, ஸ்டெப்னியின் எழுத்தையும் போட்டோ எடுத்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் தேடினேன். ஏற்கெனவே மாட்டியிருக்கும் டயரை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளாதீர்கள், இடையில் யாராவது சைஸ் மாற்றியிருக்கலாம், பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

இப்போது 165/80 ஆர்14 சரியாக வந்தது. ஆனால் 85எஸ் என்று சில, 85டி என்று சில. எஸ் கொஞ்சம் மலிவு. இந்தக் கடைசி எழுத்துதான் வேகம். க்யூ 160 கிலோமீட்டர், ஆர் 170, எஸ் 180, டி 190, யூ 200, எச் 210, வி 240. ஆங்கில அகரவரிசைப்படி போகும், எச் மட்டும் இடம் மாறி யூவுக்கும் வி-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். எச் முன்னால் வரும் எழுத்தாயிற்றே, அது குறைவு என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம், டி-யைவிட எச் அதிகம்.

நாம் எங்கே 190-இல் போகப் போகிறோம் என்றுதான் முதலில் தோன்றும். நாலுவழிச் சாலையிலேயே காருக்கு நூறுதான் வரம்பு, வடுவூர் ரோட்டில் அறுபது போனாலே அதிகம், அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். ஆனால் அந்த எழுத்து நம்மை அந்த வேகத்தில் போகச் சொல்லவில்லை. டயர்மேல் எடையை ஏற்றி, பெரிய உருளைமேல் ஓட்டி, படிப்படியாக வேகத்தைக் கூட்டி, சூட்டில் பிரிந்து போகாமல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் அந்த எழுத்தைத் தருகிறார்கள். அதனால் நான் அதைச் சூடு தாங்கும் அளவு என்றே படிக்கிறேன். கத்திரி வெயிலில் தார் கொதிக்கும்போது, ஐந்து பேர் ஏறி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்து, காற்றும் கொஞ்சம் குறைவாக இருந்தால் டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிரும். அந்த மடங்கலில்தான் சூடு பிறக்கிறது. வெடிப்பதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். வண்டிக்குக் கம்பெனி கொடுத்த எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே இறங்கக் கூடாது, மேலே போகலாம். நான் 85டி-யிலேயே நின்றேன்.

காற்றைச் சொன்னதும் இன்னொன்று. டயரிலேயே அதிகபட்சக் காற்று 300 கேபிஏ, 44 பிஎஸ்ஐ என்கிற மாதிரி எழுதியிருக்கும். சிலர் அதைப் பார்த்துவிட்டு அவ்வளவும் அடிக்கச் சொல்கிறார்கள், பெட்ரோல் பங்கில் நானே கேட்டிருக்கிறேன். அது அந்த டயரின் உச்ச எல்லை. நம் வண்டிக்கு எவ்வளவு என்பது கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரில்தான் இருக்கிறது, அதுவும் ஓடிச் சூடேறுவதற்கு முன் அடிக்க வேண்டிய அளவு.

ஆர்டர் போடும் முன் விற்பவரிடம் இரண்டு போட்டோ கேட்டேன். ஒன்று ஐஎஸ்ஐ முத்திரை. 2009-இல் வந்த ஆணைப்படி இந்தியாவில் விற்கும் வண்டி டயருக்கு அது கட்டாயம், கார் டயர் என்றால் ஐஎஸ் 15633 என்ற எண்ணோடு இருக்கும். இன்னொன்று தயாரித்த தேதி. டிஓடி என்று தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசியில் நாலு இலக்கம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். தேதி பக்கவாட்டில் ஒருபுறம் மட்டும் இருக்கலாம், அதனால் இரண்டு பக்கமும் பார்க்கச் சொன்னேன். முதலில் கேட்டவர் போட்டோ தரவே இல்லை, விட்டுவிட்டேன். அடுத்தவர் அன்றைக்கே அனுப்பினார். ஒன்று 31-ஆம் வாரம், ஒன்று 33-ஆம் வாரம், இரண்டும் அதே வருஷம். அவரிடமே வாங்கினேன்.

சரியான டயர் வந்தது. அண்ணன் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார், தலைக்குத் தலை சமம். ஏற்றும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். புதுசை முன்னால் போட வேண்டும், இழுக்கிற சக்கரம் அதுதானே என்றார் அவர். டயர் கம்பெனிகள் புதிய ஜோடியைப் பின்னால் போடச் சொல்கின்றன. ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் அன்று நான் செய்ததுபோல் காலை எடுத்து மீட்டுவிடலாம், பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும், நம் கையில் ஒன்றும் இருக்காது. பாதிக்கு மேல் பட்டன் இருந்த பின் டயர்களை முன்னால் கொண்டுவந்து, புதுசைப் பின்னால் போடச் சொன்னேன். மனசில்லாமல்தான் போட்டார். பேலன்சிங், அலைன்மென்ட் டவுனில் பார்த்தோம், வால்வும் மாற்றிவிட்டோம்.

மாமா தன் டிராக்டர் டயரைக் காட்டி இதையும் படி என்றார். பின்சக்கரம் 13.6-28, 12 பிஆர். அது வேறு கணக்கு. இரண்டு எண்ணுமே அங்குலம், நடுவில் சதவீதமே கிடையாது. பிஆர் என்பது பலத்துக்கான தரம், உள்ளே பன்னிரண்டு அடுக்கு இருக்கிறது என்று பொருள் இல்லை. ஏ8 என்றும் போட்டிருந்தது, அதன் வேகம் நாற்பது கிலோமீட்டர். டிரெய்லரில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு அதற்கு மேல் விரட்டுகிற பையன்களுக்கு இதைக் காட்டுங்கள் மாமா என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அத்தனை நாளும் அளவுகோலாக வைத்திருந்த அந்த ஸ்டெப்னியின் கடைசி நாலு இலக்கம் 2215. 2015-இல் 22-ஆம் வாரம், வண்டியோடு வந்தது. ரோட்டையே பார்க்காத டயர், பட்டன் அப்படியே புதுசு மாதிரி இருக்கிறது, ஆனால் சுவரை அழுத்திப் பிடித்து வெயிலில் பார்த்தால் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடுகிறது. அதற்கும் ஒரு 165/80 ஆர்14 85டி பார்த்து வைத்திருக்கிறேன், தேதி போட்டோவுக்குத்தான் காத்திருக்கிறேன்.