சிரட்டைத் தக்ளியும் நன்னூல் வெண்பாவும்: ஏழு நாள் நூற்பு அனுபவம்

கார்த்திகை மழை விடாமல் பிடித்து எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம் நின்றதாலும், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் மேலதிக நீரை வெளியேற்றும் வான் கதவுகளைத் திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்து பாடசாலையை மூடிவிட்டதாலும், ஏழு நாட்கள் வீட்டோடு இருக்க நேர்ந்தது. ஆடியிலும் ஆவணியிலும் வேலியோரத்து இரண்டு பருத்திச் செடிகளிலிருந்து பறித்துத் தலையணை உறையில் சேர்த்து வைத்திருந்த பஞ்சு கையில் இருந்தது. வவுனியாவில் வாங்கிய 4 மில்லிமீற்றர் பின்னல் ஊசிகள் இருந்தன. மேசையில், ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு கூடிய நன்னூல் இருந்தது. கடை நூலைத் தொடாமல், சொந்த வளவுப் பருத்தியை நூற்றுப் பின்னி, அடுப்பிலிருந்து பானை இறக்க ஒரு பிடிதுணி செய்துவிட வேண்டும் என்பதே திட்டம்.

இதற்கு முன்னர் ஒருமுறை முயன்று தோற்றிருக்கிறேன். அப்போது எடுத்தது இலவம் பஞ்சு. பருத்தி இழை காய்ந்து சுருங்கும்போது நாடாப் போலத் தட்டையாகித் தன்னைத் தானே முறுக்கிக்கொள்வதால், ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றிக்கொள்கிறது. இலவம் இழையோ உள்ளே வெறுங்குழாயாகவும் வெளியே மெழுகு பூசியது போல வழுவழுப்பாகவும் இருப்பதால், எவ்வளவு முறுக்கினாலும் நழுவிப் பிரிந்துவிடுகிறது. தலையணைக்கும் மிதவைக்கும் அது உகந்ததாக இருப்பதும் இதே குணத்தால்தான். இலவு காத்த கிளியின் ஏமாற்றம் பழத்தோடு முடிந்தது. எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் வீணாயின.

முதல் நாள் முழுவதும் கொட்டை நீக்குவதிலேயே கழிந்தது. பலகையின் மீது பருத்தியை வைத்து, பழைய இரும்புக் கம்பி ஒன்றை அழுத்தி முன்னோக்கி உருட்டினால், பஞ்சு கம்பிக்கு அடியால் போக, கொட்டை முன்பக்கம் துள்ளி விழுகிறது. விதையோடு பறித்த பருத்தியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு என்பதை அறிந்திருந்தும், உறை நிறைய இருந்தது ஒரு சிறு சுளகில் அடங்கிப்போனதைப் பார்த்தபோது மனம் சற்றுத் தளர்ந்தது. இரவு மின்சாரம் நின்றது. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, பஞ்சில் ஒட்டியிருந்த காய்ந்த இலைத் துணுக்குகளையும் தூசியையும் சுளகில் தட்டி நீக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஓசையில் கூட்டுக்குள் இருந்த கோழிகள் கலைந்து கொக்கரித்தன.

புறநானூற்றின் 326ஆம் பாடலில் இதே காட்சி இருக்கிறது. காட்டுப் பூனைக்கு அஞ்சி ஓர் இளம் பேடை இரவில் அலறுகிறது. பஞ்சின் செற்றையை, அதாவது அதில் ஒட்டிய குப்பையை, புடைப்பதற்காக எழுந்த பருத்திப் பெண்ணின் சிறு விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அச்சம் தணிகிறது. எத்தனையோ முறை வாசித்த பாட்டுத்தான். அந்தப் பெண் ஏன் நடு இரவில் எழுந்து இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று ஒருபோதும் நான் கேட்டுக்கொண்டதில்லை. பகலில் காற்று அடித்தால் புடைத்த தூசி மீண்டும் பஞ்சிலேயே வந்து படியும் என்பதும், பகலுக்கு வேறு வேலைகள் காத்திருக்கும் என்பதும், சுளகைக் கையில் எடுத்த பிறகே எனக்குத் தோன்றின.

தக்ளியை, அதாவது நூல் நூற்கும் கைக்கதிரை, நானே செய்தேன். சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நுனியை அரத்தால் தேய்த்துக் கொக்கியாக வளைத்து, சிரட்டையிலிருந்து வட்டமாக அறுத்தெடுத்த வில்லையை அதன் கீழ்ப்பாகத்தில் செருகினேன். பருத்தி இழை குட்டையானது. தொங்கும் தக்ளியின் பாரத்தைத் தொடக்கத்தில் அது தாங்காது. ஆகவே கம்பியின் அடிநுனியை இன்னொரு சிரட்டையின் குழிக்குள் ஊன்றி, வலக்கை விரல்களால் சுழற்றி, இடக்கையால் பஞ்சை மெல்லப் பின்னுக்கு இழுத்து நூற்றேன். சிரட்டைக்குள் சிரட்டை சுழலும் அந்தக் கரகரப்பு, மழைச் சத்தத்தையும் மீறிக் குசினிவரை கேட்டதாக மாமி சொன்னார்.

நூற்ற இழையை நாற்காலியின் முதுகில் சுற்றி அளந்தேன். ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு மீற்றர். இரண்டாம் நாள் முழுவதும் நூற்றுக் கிடைத்தது 9 சுற்று. அதுவும் ஓரிடத்தில் தையல் நூலாகவும் அடுத்த இடத்தில் விளக்குத் திரியாகவும் இருந்தது. மூன்றாம் நாள் 16. நான்காம் நாள் 22. ஈரக் காற்றும் உதவியிருக்க வேண்டும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இதே பஞ்சைத் தொட்டுப் பார்த்தபோது இழைகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு கையெங்கும் பறந்தது நினைவிருக்கிறது.

தவறு எங்கே என்று தேடியபோதுதான் நன்னூல் உதவிக்கு வந்தது. அதன் முன்னுரையான பொதுப்பாயிரத்தில், புத்தகத்துக்கு நூல் என்ற பெயர் வந்த காரணத்தைச் சொல்லும் வெண்பா ஒன்று உண்டு: சொல்லே பஞ்சு, பனுவலே இழை, புலவனே நூற்கும் பெண், வாயே குறைவுபடாத கை, மதியே கதிர். வகுப்பில் இந்த ஐந்தையும் இரண்டு நிரலாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகள் மனனம் செய்ததும் அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவது என் வழக்கம். கதிரைக் கையில் பிடித்த பிறகு, அந்த ஐந்தில் கடைசி இரண்டும் வெறும் அலங்காரமல்ல என்பது விளங்கியது. கதிர் செய்வது ஒன்றே ஒன்று: முறுக்குக் கொடுப்பது. இழை தடிக்குமா, மெலியுமா என்பதைத் தீர்மானிப்பது பஞ்சை விடும் கை. கை அவசரப்பட்டு அதிகம் விட்டால், முறுக்கு ஏறாத இடத்தில் இழை சத்தமின்றி இரண்டாக நழுவுகிறது. கை தயங்கி நின்றால், சுழற்சி முழுவதும் ஒரே இடத்தில் ஏறி, இழை தன்மேல் தானே சுருண்டு முடிச்சாகிறது. நான் அந்த மூன்று நாட்களும் கதிரையே கவனித்துக்கொண்டிருந்தேன். கை தன் பாட்டுக்கு நின்று நின்று விட்டது. வெண்பா கையைக் குறைவுபடாதது என்று அடைகொடுத்துச் சொல்கிறது. கதிருக்கு எந்த அடையும் இல்லை. ஐந்தாம் நாள் கண்ணைக் கதிரிலிருந்து எடுத்து இடக்கையில் வைத்து நூற்றேன். 27 சுற்று வந்தது, இடையில் அறுந்தது நான்கு தடவைகள் மட்டுமே.

ஆனாலும் நன்னூலை இயற்றிய பவணந்தியாரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கொட்டை நீக்குவதும் புடைப்பதும் அவருடைய உவமையில் இல்லை. பஞ்சு எங்கிருந்தோ தூய்மையாகவே வந்து பெண்ணின் மடியில் விழுந்துவிடுகிறது. என் ஏழு நாட்களில் ஒரு நாளும் ஓர் இரவும் அதற்கே போயின. புறநானூற்றுப் புலவர் அந்த வேலையைக் கண்டிருக்கிறார். இலக்கண ஆசிரியர் அதைக் கடந்து போய்விட்டார்.

பின்னலில் வந்த சறுக்கல் வேறு விதமானது. நான்காம் நாள் மாலை, ஒற்றை இழையில் 13 மீற்றர் எடுத்து அவசரமாக ஒரு சிறு சதுரம் பின்னிப் பார்த்தேன். ஒரு வரியை நேராகவும் அடுத்த வரியை மறுபக்கமாகவும் மாறி மாறிப் பின்னும் எளிய முறைதான். கண்ணிகளின் எண்ணிக்கையும் எங்கும் பிசகவில்லை. ஊசியிலிருந்து கழற்றியதும் அது சதுரமாக இல்லாமல், பட்டத்தைச் சாய்த்துப் பிடித்தது போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. மாமி அதை விரலால் தூக்கிப் பார்த்து, “இதென்ன பிள்ளை, மூலைக்கு இழுத்துக்கொண்டு நிக்குது? பாயிலை வைச்சு நித்திரை கொண்டனியோ?” என்று கேட்டார். காரணம் முறுக்கு. ஒரே திசையில் முறுக்கிய ஒற்றை இழை, எப்போதும் பிரிந்துகொள்ளவே பார்க்கிறது. அந்த இழுவை ஒவ்வொரு கண்ணியையும் சிறிது சாய்க்க, முழுத் துணியும் சாய்ந்துவிடுகிறது. இரண்டு இழைகளைச் சேர்த்து, நூற்றதற்கு எதிர்த்திசையில் புரித்தால் இரண்டின் இழுவையும் ஒன்றையொன்று தணித்துவிடும். கயிறு திரிக்கும் எவருக்கும் தெரிந்த இந்தச் செய்தி எனக்கு மட்டும் ஏன் மறந்தது என்று தெரியவில்லை.

ஆறாம் நாள் காலையில் 30 சுற்று நூற்று, மீதியிருந்ததையும் சேர்த்து இரட்டைப் புரியாக்கியதில், ஏறத்தாழ 45 மீற்றர் நூல் கிடைத்தது. அதைச் சிறு சிட்டமாகக் கட்டி, சலவைச் சோடா கலந்த நீரில் ஒரு மணிநேரம் கொதிக்கவைத்தேன். போட்டபோது நீரின் மேல் மிதந்த சிட்டம், இழையிலிருந்த மெழுகு கரையக் கரைய நீரை உறிஞ்சி அடியில் போய் அமர்ந்தது. நீர் வெறுந்தேநீரின் நிறத்துக்கு மாறியது. நூலோ முன்பைவிட வெளுத்திருந்தது. மழையில் அது காய மறுக்க, அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டதால் சற்றுப் புகை மணமும் ஏறிவிட்டது.

ஏழாம் நாள் பின்னினேன். 30 கண்ணி, 60 வரி. இம்முறை நான்கு மூலைகளும் தத்தம் இடத்தில் நின்றன. கீழ்ப்பாதி, தொடக்க நாட்களின் நூலால் ஆனதால், மேடு பள்ளமாகத் தடித்தும் மெலிந்தும் கிடக்க, மேற்பாதி சீராக ஏறுகிறது. எந்த வரியில் கை பழகியது என்பதைத் துணியைத் தடவியே சொல்லிவிடலாம். முடித்த பின்னர் அரை மீற்றர் நூல்கூட மிஞ்சவில்லை.

நூற்காமல் மிஞ்சிய பஞ்சை அடுத்த தக்ளிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். அன்று பின்னேரம் மாமி அதை எடுத்து, தொடையில் உருட்டி உருட்டி, கார்த்திகை விளக்கீட்டுக்கு வேண்டிய திரிகளை, நான் ஒரு வரி பின்னி முடிப்பதற்குள் ஒன்று என்ற வேகத்தில் திரித்து அடுக்கிவிட்டார். பிறகு சோற்றுப் பானையைப் பிடிதுணியால் பிடித்து இறக்கி, தடித்த கீழ்ப்பாதிதான் சுடவில்லை என்று சொன்னார். கொட்டைகளை ஒரு போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளம் வடிந்ததும் வேலியின் மேற்குப் பக்கத்தில் ஊன்ற வேண்டும்.