சக்கர விளிம்பு வழிக்கு வந்தது

ஓடிவிட்டது! கணினியில் நான் எழுதிய ஐ.சி.எஃப். போகி (அந்த வகை ரயில் பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டகம்) மாடல் ஹண்டிங்கில், அதாவது வேகத்தில் பக்கவாட்டில் நெளிந்தாடும் ஆட்டத்தில் இறங்கி, விளிம்பு தண்டவாளத்தில் இடித்த பிறகும் கணக்கு முடங்கவில்லை. வலது, இடது, வலது என்று ஒரே அளவில் அலைந்துகொண்டே போகிறது. காட்பாடியில் அன்றாடம் பார்க்கும் பெட்டிகளின் ஆட்டம் என் திரையில் வந்துவிட்டது.

ஒற்றை அச்சில் சிக்கலே இல்லை. சக்கரத்தின் ஓடுதளத்துக்கு 20க்கு 1 சரிவு, 915 மி.மீ. விட்டம் என்று கொடுத்தால், ஜெர்மன் பொறியாளர் கிளிங்கல் 1883இல் தந்த சூத்திரப்படி நெளிவின் நீளம் ஏறத்தாழ 17.8 மீட்டர். மெதுவாக உருட்டினால் மாடலும் அதையே காட்டியது. உயிரை வாங்கியது சக்கரமும் தண்டவாளமும் தொடும் தொடுபுள்ளிதான்.

மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் தலை 300, 80, 13 மி.மீ. ஆரமுள்ள விற்களால் ஆனது. வில்லும் வில்லும் சேரும் இடத்தில் தொடுகோடு ஒழுங்காகத் தொடர்கிறது. வளைவு மட்டும் சட்டென்று மாறுகிறது. அழுந்தித் தொடும் இரு பொருள்களுக்கான ஹெர்ட்ஸ் கணக்கில் தொடுபரப்பின் அளவை அந்த வளைவுதான் தீர்மானிக்கிறது. அதனால் சக்கரத்தின் நுண்வழுக்கலை உராய்வு விசையோடு இணைக்கும் கால்கர் குணகங்களும் கூடவே எகிறும். கணக்கு ஒவ்வொரு அடியிலும் முன்னேறும் நேர இடைவெளி சுருங்கிச் சுருங்கி நின்றுவிடும். விளிம்பில் இன்னும் மோசம். 1676 மி.மீ. அகலப் பாதையில் சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 1600, இரண்டு விளிம்புகளுக்கும் 28.5 வீதம் கழித்தால் மிச்சம் 19. பக்கத்துக்கு 9.5 மி.மீ. அந்த எல்லையைத் தொட்டதும் தொடுபுள்ளி ஓடுதளத்திலிருந்து விளிம்புக்கு ஒரே தாவாகத் தாவுகிறது.

ஸ்ப்லைன் என்ற மென்மையான வளைகோடு போட்டு மழுப்பிவிடலாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. விளிம்பின் அடிவளைவை மழுப்பினால் சரிவே மாறிவிடும். பிறகு எந்த வேகத்தில் ஹண்டிங் தொடங்கினாலும் அதற்கு என்ன மதிப்பு? ஓடுதளத்துக்கு ஒரு தொடர்பு, விளிம்புக்குத் தனியாக ஒரு தொடர்பு என்று பிரித்து, இரண்டுக்கும் தனித்தனி ஹெர்ட்ஸ் ஸ்பிரிங் கொடுத்தேன். இப்போது புள்ளி தாவுவதில்லை. சுமைதான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறுகிறது. சமன்பாடுகளைத் தீர்க்கும் ராடாவ் முறை அதைச் சுலபமாக விழுங்கிவிடுகிறது. வழக்கமான வெளிப்படை (explicit) ருங்கே-குட்டாவை இந்த வேலைக்கு யாரும் தொடவே வேண்டாம்.

கையில் உருட்டிப் பார்க்கச் சின்னதாக ஒரு சக்கர ஜோடியும் ராணிப்பேட்டை லேத் பட்டறை ஒன்றில் கடையக் கொடுத்திருக்கிறேன். 20க்கு 1 சரிவுக்கு 2.86 டிகிரி என்றதும் பட்டறைக்காரர் மறுகேள்வி இல்லாமல் வெட்டுளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பி வைத்தார். அருமையான கை. கூடுதல் மெமரிக்கு சென்னை ரிச்சி தெரு வரை ஒருமுறை போய்வர வேண்டும்.

வளைவுப் பாதை இன்னும் பாக்கி. ஆனால் மனம் அதற்குள் புதிய வகைப் பெட்டிகளின் எல்.எச்.பி. போகிக்குப் போய்விட்டது: அச்சுகளுக்கு இடையே 2896க்குப் பதில் 2560 மி.மீ., கூடவே போகி இடவலமாகத் திரும்பியாடுவதை அடக்கும் யா டேம்பர். அந்த டேம்பரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஹண்டிங் எந்த வேகத்தில் கிளம்புகிறது என்று பார்க்க வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இலைவில் (லீஃப் ஸ்பிரிங்) பஸ் ஒன்றை மாடலில் ஏற்றும் ஆசையும் இருக்கிறது. அதற்கு டயர் விசைகளைக் கணக்கிடும் பசேக்கா சூத்திரம் எழுதத் தொடங்கிவிட்டேன்; பக்கவாட்டு விசை வரை முடிந்திருக்கிறது.