பத்து யென் கோயில், தண்ணீரில்

நவம்பர் 30, 2024, சனி

ஒசாகாவுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து சட்டைப்பையில் கிடக்கிற பத்து யென் காசு. அதில் இருக்கும் கோயிலை இன்றுதான் நேரில் பார்த்தேன். ஊஜியில் உள்ள பியோதோயின். காசில் அச்சடித்திருப்பது அதன் ஃபீனிக்ஸ் மண்டபம், 1053இல் எழுப்பியது. நடுவில் அமிதாப புத்தர், இரண்டு பக்கமும் சிறகு விரித்தாற்போல் நடைகள், முன்னால் குளம். காசில் குளத்தை விட்டுவிட்டார்கள். நான் படமெடுக்க வந்ததோ குளத்தில் விழும் அதன் நிழலைத்தான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் போனது தப்பு. மண்டபம் கிழக்கு பார்த்தது. மூன்று மணி வெயில் அதன் முதுகில் இருந்தது. சிவப்புத் தூண்களெல்லாம் கரிக்கட்டை மாதிரி வந்தன. அமிதாப புத்தரின் சொர்க்கம் மேற்கே இருக்கிறது என்பது நம்பிக்கை. கும்பிடுகிறவர் மேற்கே பார்த்து நிற்கத்தான் இப்படிக் கட்டினார்கள். படமெடுப்பவன் காலையில் வரவேண்டும் என்பதும் அதிலேயே அடக்கம், எனக்கு உறைக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

காலையிலேயே போனேன். வெளிச்சம் அருமை, ஆனால் காற்று. குளம் முழுக்கச் சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

படம் தேறாது என்று அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டேன். மண்டபக் கூரையின் இரு முனைகளிலும் இப்போது நிற்கிற ஃபீனிக்ஸ் பறவைகள் நகல்கள். பழைய வெண்கல ஃபீனிக்ஸ்கள் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. இந்த ஆண்டு புதிய நோட்டு வரும்வரை பத்தாயிரம் யென் நோட்டின் பின்பக்கத்தில் இருந்ததும் இதே பறவைதான். உள்ளே படமெடுக்கக் கூடாது. நல்லது, ஒரு மணி நேரம் கண்ணால் மட்டும் பார்த்தேன்.

டிசம்பர் 7, சனி

கதவு திறந்ததும் முதல் ஆளாக ஓடினேன். காற்றே இல்லை. தூண்கள், வெள்ளைச் சுவர், கூரை வளைவு, எல்லாம் தண்ணீரில் தலைகீழாக அப்படியே நின்றன.

வானம் இன்னும் நீலமாக வரட்டுமே என்று லென்ஸின் முன்னால் போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடியை மாட்டித் திருகினேன். வானம் நீலமானது. கரையோரமாக விழுந்திருந்த நிழல் கரைந்துபோய் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது! தண்ணீரின் பளபளப்பையும் வெட்டிவிடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிழலைத் தேடியிருக்கிறேன். குளிரில் விரல் மரத்து, அதைக் கழற்றுவதற்குள் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது.

நிழல் எப்போதும் அசலைவிடக் கொஞ்சம் இருட்டுதான். அதனால் சுவர் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒளியைக் குறைத்து வைத்தேன். தண்ணீரின் வெளிச்சத்தை வீட்டில் கணினியில் கூட்டிக்கொள்ளலாம்.

மண்டபத்தின் நடுச் சட்டங்களுக்கு இடையில் வட்டமாக ஒரு திறப்பு. அக்கரையில் நிற்பவருக்கும் முகம் தெரியவேண்டும் என்று விட்டது. சிற்பி ஜோச்சோ செய்த அமிதாபரின் முகம் அதற்குள் மங்கலாகத் தெரிந்தது. பல மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்த சிலை என்று சொன்னால்தான் தெரியும். அதே முகத்தைத் தண்ணீரிலும் தேடினேன். வட்டம் இருந்தது, உள்ளே வெறும் இருட்டு. அந்த நேரம் பார்த்து ஒரு மீன் வாயைத் தூக்கியது. வட்டமும் போனது.

நாற்பத்திரண்டு படங்களில் ஒன்று தேறியது. ராத்திரி அதைப் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்தில் காசை வைத்தேன். காசில் இரண்டு சிறகும் முழுசாக இருக்கின்றன. என் படத்தில் இடது சிறகின் நுனி வெட்டுப்பட்டிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அகல லென்ஸ்.