நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை தியான வகுப்பு நடத்தினார்கள். எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேரம், முடிவில் சான்றிதழ். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்ன பயிற்சியாளரிடம், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அறிவியலிலிருந்து" என்றார். அந்தப் பதில் எனக்குச் செரிக்கவில்லை. அதன் ஊற்றான பௌத்தத்தைத் தேடிக் கிளம்பியதில் இரண்டு வருடம் போய்விட்டது. சான்றிதழ் இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது.

பெங்களூரில், அல்சூரில் குடியிருப்பவன் நான். எத்தனையோ வருடமாக மெஜஸ்டிக்கில் பஸ் மாறியிருக்கிறேன். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், காந்திநகரில், மகாபோதி சங்கம் என்ற பௌத்த அமைப்பு இருப்பது தெரியாமலே இருந்திருக்கிறேன். ஆச்சாரிய புத்தரக்கித தேரர் என்ற துறவி 1956-இல் தொடங்கியது. ஒரு மாலை வழிபாட்டில் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ஓதினார்கள், ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் எழுந்து வர மனமில்லை.

ஓதுவதைக் கற்கலாம் என்று குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அங்கேதான் சிக்கல். நம்மிடம் ஒரே 'க'. பாலிக்கு நான்கு வேண்டும். 'கச்சாமி' என்று எழுதினால் வாய் தவறாகவே படிக்கிறது. 'புத்தம்' என்றாலோ வீட்டில் இருப்பவர்களுக்குப் புத்தம் புதியது என்றுதான் காதில் விழுகிறது. கடைசியில் கைகொடுத்தது கன்னடம். பஸ் பலகை படிப்பதற்காக இந்த ஊரில் கற்றுக்கொண்ட எழுத்து, பாலியின் அத்தனை ஒலியையும் தாங்குகிறது. ஒரு மாதத்தில் புத்தரிடமும் தம்மத்திடமும் சங்கத்திடமும் அடைக்கலம் சொல்லும் மூன்று சரணங்களும், ஒழுக்க உறுதிகளான ஐந்து சீலங்களும் பிழையில்லாமல் வந்துவிட்டன.

ஓதுதல் வந்துவிட்டது, அமரத்தான் தெரியவில்லை. விபாசனா என்ற தியான முகாமுக்கு விண்ணப்பித்தேன். பர்மாவில் பிறந்து, 1969-இல் இந்தியா வந்து பயிற்சி அளிக்கத் தொடங்கிய எஸ்.என். கோயங்காவின் முறை அது. பெங்களூருக்கு வெளியே, தும்கூர் சாலைப் பக்கம் ஆலூரில் 'தம்ம பபுல்லா' மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள். முதல் முறை காத்திருப்போர் பட்டியலோடு சரி. அடுத்த முறை இடம் கிடைத்தது. போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும். பத்து நாள் முகாம் என்பதால் பத்து நாள் விடுப்புக் கேட்காதீர்கள்; முகாம் தொடங்குவதற்கு முந்தின நாள் மாலையே போய்ச் சேர்ந்து பதினோராம் நாள் காலைதான் வெளியே வருவீர்கள். விண்ணப்பத்தில் மொழி கேட்பார்கள், அதையும் கவனித்து நிரப்புங்கள். நான் அசட்டையாக ஆங்கிலம் என்று போட்டுவிட்டு, இரவுச் சொற்பொழிவுகளை எல்லாம் ஆங்கிலத்திலேயே கேட்டேன்.

காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். கைபேசி, புத்தகம், பேனா எதுவும் கூடாது, பேச்சும் இல்லை. மாலை ஐந்து மணிக்குத் தேநீரும் பழமும், அதன் பிறகு மறுநாள் காலைவரை வயிறு தன் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும். முதல் மூன்று நாள் மூக்கடியில் மூச்சு மட்டும். நான்காம் நாள் விபாசனா: உச்சந்தலை முதல் கால்வரை என்ன உணர்ச்சி எழுகிறது என்று பார்ப்பது, பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது. அன்றிலிருந்து தினமும் மூன்று அமர்வுகளில் ஒரு மணி நேரம் அசையக்கூடாது. ஆறாம் நாள் என் இடது முழங்கால் என்னோடு சண்டைக்கு வந்தது. வலியைவிட, எப்போது மணி முடியும் என்ற தவிப்பு பெரிதாக இருந்தது. வலி ஒன்று, தவிப்பு வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்த அந்தச் சில நொடிகளுக்காகத்தான் பத்து நாளும் என்று இப்போது தோன்றுகிறது.

திரும்பி வந்ததும் ஒரு வெறுமை. வாரக் கூட்டுத் தியானத்துக்குப் போனேன். அமர்ந்தோம், எழுந்தோம், செருப்பைத் தேடினோம். படித்து விவாதிக்க அது இடமில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. பைலகுப்பேயின் திபெத்திய மடங்களுக்கு ஒரு முறை போய்வந்தேன். கண்ணுக்கு விருந்து, மொழியோ எட்டவில்லை. கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் இயேசு சபைக் குரு ஒருவர் 1996-இல் தொடங்கிய 'போதி செண்டோ' என்ற ஜென் தியான மையத்தில் தமிழ் பேச ஆள் இருப்பார்கள் என்றார்கள். மறுபடி விடுப்புக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

விடை எங்கள் தெருவுக்கு அருகிலேயே கிடைத்தது. அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் மணிமேகலையை உரையோடு எடுத்தேன். கல்லூரியில் அமுதசுரபியோடு நிறுத்திவிட்ட காப்பியம். அதன் கடைசி, முப்பதாவது காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள், துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாக எழும் பன்னிரண்டு சார்புகளை அடுக்குகிறார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். ஆங்கிலத்தில் பத்து இரவு கேட்டது தமிழில் ஒரே மூச்சில் நின்றுகொண்டிருந்தது. வேட்கை என்றால் என்ன என்பதற்கு 'நுகர்ச்சி ஆராமை' என்கிறார் சாத்தனார். எவ்வளவு நுகர்ந்தாலும் ஆராமல் இருப்பது. பற்றைப் 'பசைஇய அறிவு' என்கிறார், ஒட்டிக்கொண்ட அறிவு. நுகர்வு என்றால் இங்கே உணர்ச்சியை அனுபவிப்பது. முழங்கால் வலி நுகர்வு, மணி முடியவேண்டும் என்ற தவிப்பு வேட்கை. நூலகத்தில் உட்கார்ந்தபடியே தொடையைத் தட்டிவிட்டேன். எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அந்தப் பெரியவர்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முதல் ஆள். இப்போது ஐந்து பேர், என் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். அரை மணி அமர்வு, பிறகு ஒரு மணி வாசிப்பு, பிறகு காபி. இந்த வரிசையை மாற்றக்கூடாது. காபி முன்னால் வந்தால் பேச்சு அரசியலுக்குப் போய்விடுகிறது. ஐவரில் ஒருவர் கோலார் தங்கவயல்காரர். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் தங்கவயல் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வேர்விட்டது. பண்டிதரின் எழுத்துகளை அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது. "எங்கள் வீட்டில் பரணில் கிடந்தது, ஐயா. கரையான் தின்றது போக மீதி இருக்கிறது" என்று அவர் ஒரு நாள் நான்கு சிறு நூல்களைத் துணிப்பையில் கொண்டுவந்தார். தொட்டால் ஓரம் உதிர்கிறது. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு 'அருவுரு' என்ற சொல்லில் நின்றுவிட்டோம். அரு என்றால் மனம், உரு என்றால் உடம்பு என்றேன் நான். அவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியாது என்றார் ஆசிரியர், குரலும் கொஞ்சம் உயர்ந்தது. தங்கவயல்காரர் மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று எழுந்துவிட்டதால் பேச்சு பாதியில் நிற்கிறது.