விம் பழக வருபவருக்குத் தனிச் சாளரம்

விம் என்ற உரை எடிட்டரைப் பழக வேண்டும் என்று யாராவது கேட்டால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தை மூடிவிட்டு ஜிவிம்மைத் திறக்கச் சொல்வேன். அதே விம்தான், தனிச் சாளரத்தில் ஓடுகிறது, அவ்வளவே. டெர்மினலில் ஓடுவதுதான் அசல் விம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும்.

நான் டெர்மினலில்தான் தொடங்கினேன். மூன்றாம் நாள், நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தவன் மற்ற எடிட்டர்களில் சேமிக்கும் பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டேன். திரை உறைந்துவிட்டது. எஸ்கேப் விசையைப் பத்து முறையாவது குத்தியிருப்பேன், ஓர் அசைவும் இல்லை. விம் செத்துவிட்டது என்று முடிவுகட்டி டெர்மினலையே மூடினேன். மறுபடி கோப்பைத் திறந்தபோது, ஸ்வாப் கோப்பு (சேமிக்காததை விம் தானே எழுதிவைக்கும் தற்காலிகக் கோப்பு) ஒன்று கிடக்கிறது என்று திரை நிறைய எச்சரிக்கை. எழுதியதை மீட்டுக்கொள்ளச் சொல்லி வந்த செய்தி அது. நானோ பயந்துபோய் அந்த ஸ்வாப் கோப்பை அழித்துவிட்டேன். அன்றைய உழைப்பும் அதோடு போயிற்று.

இதில் விம்மின் குற்றம் ஏதுமில்லை. கன்ட்ரோல் எஸ், அன்றைய விம்முக்குப் போகும் முன்பே டெர்மினல் பிடித்துக்கொண்ட விசை. ஓடும் எழுத்துகளை நிறுத்திவைக்க டெலிடைப் என்ற பழைய தந்தித் தட்டச்சு இயந்திரங்களின் காலத்தில் செய்த ஏற்பாடு. கன்ட்ரோல் க்யூ அழுத்தியிருந்தால் திரை மீண்டிருக்கும். கன்ட்ரோல் இசட் விம்முக்கே போகும் விசை, ஆனால் டெர்மினலில் அதுவும் குழப்பும்: விம் பின்னணிக்குப் போய் ஒளிந்துகொள்ளும், புதியவர் அது மூடிவிட்டது என்று நினைப்பார். விசையை விழுங்கியது விம்மா, டெர்மினலா என்று முதல் வாரத்தில் எவருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. தனிச் சாளரத்தில் கற்க வேண்டியது விம்மின் விதிகளை மட்டும்தான்.

இன்னொரு லாபம் மெனு. 'எடிட்' மெனுவைத் திறந்தால் 'அன்டூ' என்பதற்கு வலப்புறம் சின்னதாக யூ என்ற எழுத்து நிற்கும். 'ஃபைல்' மெனுவில் 'சேவ்' பக்கத்தில் முக்காற்புள்ளியும் டபிள்யூவும். சுட்டியால் நாலு முறை சேமித்தவர், ஐந்தாம் முறை தாமாகவே அதைத் தட்டச்சு செய்துவிடுவார். நான் பாதிக் கட்டளைகளை இப்படித்தான் கற்றேன். மெனு பட்டையை மறைத்துவிடு என்று அனுபவசாலிகள் தரும் ஆலோசனையை ஓராண்டுக்காவது காதில் வாங்காதீர்கள்.

புதியவர்களுக்கென்றே ஈவிம் என்று ஒரு முகமும் இருக்கிறது. விம்மில் கட்டளையிடும் நிலை, எழுதும் நிலை என்று தனித்தனியே உண்டு; இதுவோ எப்போதும் எழுதும் நிலையிலேயே நிற்கும், சாதாரண எடிட்டரைப் போல. எனக்கு அதில் உடன்பாடில்லை. விம்மைத் தவிர்ப்பதற்காக விம்மை நிறுவுவானேன்?

தனிச் சாளரத்தில் ஒரு சிக்கலும் உண்டு. லினக்ஸில் ஜிவிம் திறந்த கையோடு டெர்மினலை விடுவித்துவிடும். கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற கருவியில், ஒவ்வொரு பதிவுக்கும் (கமிட்) செய்தி எழுத ஜிவிம்மை எடிட்டராக வைத்தால், நீங்கள் ஒரு வரி எழுதுவதற்குள் செய்தி காலி என்று கிட் கமிட்டையே கைவிட்டுவிடும். ஜிவிம் என்ற பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் சின்ன எஃப்பும் சேருங்கள். சாளரத்தை மூடும்வரை கிட் காத்திருக்கும்.